சிவப்பு நூல் கட்டியது

நவம்பர் 9
மருந்துக்கடைப் பின்னறை

என் ஊதல்காரருக்கு,

உங்கள் வாயாடி வாயார நலம் கேட்டு எழுதுவது. வாயார என்று எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. முந்தாநாள் பாதிப் பகல் எனக்கு வாயே இல்லை. கடைக்கார மேடம் எப்படியும் உங்களிடம் போட்டுக் கொடுத்துவிடுவார். அதற்கு முன் வெட்கத்தை விட்டு நானே சொல்லிவிடுகிறேன். உதட்டு மெழுகு என்று நினைத்து, கவர் ஒட்டுகிற கம் ஸ்டிக்கை உதட்டில் பூசிக்கொண்டேன்.

சிரித்து முடித்தீர்களா? பார்த்துச் சிரியுங்கள், வெடித்த உதடு மேலும் கிழியும்.

எல்லாம் உங்களால் வந்தது. அந்தக் குளிரில் உதடு பிளந்து, சர்க்கஸின் இரண்டாவது ஆட்டத்தில் டிரம்பெட் வாயில் ரத்தம் பட்டது என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மேடத்திடம் நல்ல லிப் பாம் ஒன்று கேட்டேன். எடுத்து பில் மேசைமேல் வைத்தார். உங்களுக்கு அனுப்புவதற்கு முன் அது எப்படி இருக்கிறது என்று நான் பார்க்க வேண்டாமா? கம் ஸ்டிக்கும் அங்கேதான் கிடந்தது. இரண்டும் ஒரே பருமன், இரண்டையும் திருகினால் வெள்ளையாக மேலே வருகிறது. தாராளமாக இரண்டு சுற்று தடவினேன். பெருக்கி முடிப்பதற்குள் காய்ந்து இழுத்துக்கொண்டது.

"என்னம்மா, காலையிலேருந்து சத்தமே இல்ல? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார் மேடம்.

நான் வாயைக் காட்டினேன். மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"பயப்படாத. ஸ்கூல் பிள்ளைங்க வச்சிருக்கிற பசைதான், விஷமில்ல. வெந்நீர்ல துணிய நனைச்சு மெதுவா ஒத்தி எடு. பிச்சு இழுக்காத, தோல் வந்துடும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவசரமில்ல. சாயந்திரமா எடுத்தாலும் பரவாயில்ல. கடை இன்னைக்குத்தான் நிம்மதியா இருக்கு" என்றார்.

சரி, இப்போது காரியத்துக்கு வருகிறேன். இத்துடன் வருவது உண்மையான மெழுகுதான். மூன்று பேரை வைத்துச் சரிபார்த்துவிட்டேன். மேடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உதட்டுத் தோலில் மற்ற இடம் மாதிரி எண்ணெய் சுரக்காது. அதனால்தான் குளிருக்கு முதலில் அது காய்கிறது. காய்கிறதே என்று நாக்கால் தடவினால் எச்சில் உலரும்போது இருக்கிற ஈரத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். நீங்கள் நக்குவீர்கள், எனக்குத் தெரியும். நோட்டை மறந்தால் உடனே நாக்கு வெளியே வரும். இனிமேல் வரக் கூடாது. படுக்கும்போது தடவுங்கள், வெளியே போகும்போது தடவுங்கள். ஊதப்போகும் முன் துடைத்துவிடுங்கள், வழுக்கும். உரியும் தோலைப் பிய்க்காதீர்கள்.

போனிலேயே இதைச் சொல்லலாமே என்பீர்கள். போனில் நான் ஒரு கதை முழுக்கச் சொன்னாலும் உங்கள் பக்கம் ஒரு "ம்". அதற்குப் பிறகு இன்னொரு "ம்". கடைசியில் நான் கத்துவேன், நீங்கள் வைத்துவிடுவீர்கள். கடிதத்தில்தான் நீங்கள் மனுஷன் மாதிரி பேசுகிறீர்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். அந்த உதட்டுக்குச் சொந்தக்காரி நான். சர்க்கஸ் வாடகைக்குத்தான் எடுத்திருக்கிறது. வாடகைக்குப் போன பொருளைப் பழுதில்லாமல் திருப்பித் தர வேண்டும்.

இப்படிக்கு,
வாய் திறந்துவிட்ட
உங்கள் வாயாடி


நவம்பர் 21
சர்க்கஸ் கூடாரம், வாத்தியக்காரர் வண்டி

அன்புள்ள வாயாடிக்கு,

மெழுகு வந்தது. கடிதத்தை வண்டியில் இருக்கிற எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். டிரம் அடிக்கிறவர் உன்னைச் சர்க்கஸில் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார். கோமாளிக்குத்தான் கொஞ்சம் பயம், தன் வேலை போய்விடும் என்று.

தடவுகிறேன். எரிச்சல் குறைந்திருக்கிறது. ஆனால் நடுவில் இருக்கிற பிளவு மூடவில்லை. மேலே போகிற சுரத்தைப் பிடிக்கும்போது திறந்துகொள்கிறது. அந்தரத்தில் ஆடுகிற பெண் ஊஞ்சலை விடுகிற நேரம் நான் அந்தச் சுரத்தைப் பிடிக்க வேண்டும், அதைக் கேட்டுத்தான் அவள் கையை விடுவாள். போன வாரம் பிசிறடித்தது. இறங்கி வந்து என் உதட்டையே பார்த்தாள்.

மேனேஜர் சொல்லிவிட்டார். ஜனவரிக்குள் உதடு ஆறினால் அடுத்த சுற்றுப் பயணத்துக்கு இரண்டு வருஷ ஒப்பந்தம். இன்னும் தூரம், கடல் தாண்டி. ஆறாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பார்கள், நான் வீட்டுக்கு.

மேடத்திடம் இவற்றைக் கேட்டுச் சொல். சாப்பிடும்போது மெழுகு கொஞ்சம் வயிற்றுக்குள் போகிறது, கெடுதியா? கோமாளிக்கும் உதடு வெடிப்பு, ஒரே மெழுகை இரண்டு பேர் தடவலாமா? இங்கே கடையில் சில்லென்று இருக்கிற ஒன்று விற்கிறார்கள், தடவினால் குளுகுளு என்று இருக்கிறது, அது நல்லதா? டிரம்காரர் இதெல்லாம் பழகிவிட்டால் விட முடியாது என்கிறார். அப்படியா?

டப்பாவில் என்ன என்னவோ பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. பெட்ரோலியம் என்று ஒரு வார்த்தை இருக்கிறது. எங்கள் வண்டியில்தான் நெருப்பு விழுங்குகிறவரும் படுக்கிறார்.

வேறென்ன. ம்.

உன்
ஊதல்காரன்


டிசம்பர் 2
வீடு, சமையலறை மேசை

என் ஊதல்காரருக்கு,

கடிதத்திலும் "ம்" போட ஆரம்பித்துவிட்டீர்களா? அந்த ஒரு எழுத்தை வெட்டி எடுத்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

பெட்ரோலியம் கதையைச் சொன்னதும் மேடம் சிரித்தாரே ஒரு சிரிப்பு! அது வண்டிக்கு ஊற்றுகிற பெட்ரோல் இல்லையாம். நன்றாகச் சுத்தம் செய்து களிம்பாக்கிய ஜெல்லி. உதட்டில் இருக்கிற ஈரம் வெளியே ஓடாமல் மேலே மூடி போட்டு வைக்கிற வேலை அதற்கு. தேன்மெழுகும் அதே வேலைதான் செய்கிறது. "இருந்தாலும் தடவிக்கிட்டு நெருப்புக்காரர் பக்கத்துல போய் மூஞ்சிய நீட்ட வேணாம்னு சொல்லு" என்றார். மேடத்துக்கே விளையாட்டு வந்துவிட்டது, என்னோடு சேர்ந்து சேர்ந்து.

சாப்பிடும்போது துளி உள்ளே போனால் ஒன்றும் ஆகாது. அதற்காகக் குச்சியைக் கடித்துத் தின்ன வேண்டாம். குளுகுளு மெழுகு கூடவே கூடாது. புதினாச் சத்து, கற்பூரம், பட்டை வாசனை எல்லாம் வெடித்த உதட்டில் குத்தும். தடவும்போது சுகம், அப்புறம் எரிச்சல், எரிந்ததும் மறுபடி தடவத் தோன்றும். டிரம்காரர் சொல்கிற பழக்கம் அதுதான். மெழுகில் போதை கிடையாது. இப்போது வாசனையே இல்லாத ஒன்றை அனுப்புகிறேன். நிறம் கிடையாது, மணம் கிடையாது, உங்களைப் போலவே வாயில்லாப் பூச்சி. வெயில் பனியில் பட்டுத் திருப்பி அடித்தாலும் உதடு கருகுமாம், பகலில் வெயில் தாங்குகிற வகையைத் தடவச் சொன்னார். அதுவும் ஒன்று உள்ளே இருக்கிறது.

கோமாளிக்குத் தரவே தராதீர்கள். உதட்டோரத்தில் கொப்புளம் வருகிற நோய் ஒரே குச்சியில் இவரிடமிருந்து அவருக்குப் போகுமாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் அந்தக் குச்சியை அவருக்கே தானமாகக் கொடுத்துவிட்டு, புதியதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உதட்டில் பட்ட பொருளை நான் தவிர யாரும் தொடக் கூடாது. இந்தக் கடைசி வாக்கியம் மேடம் சொன்னதில்லை.

இரண்டு மூன்று வாரத்தில் ஆறாவிட்டால், இல்லை வாய் ஓரத்தில் புண் வந்தால், டாக்டரிடம் போக வேண்டும். போவதாக எழுதிக் கொடுங்கள்.

எனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டேன். மேடம்தான் என் முகத்தைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பி, "உன் உதடும்தான் வெடிச்சிருக்கு. ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்ற!" என்றார். பேசிப் பேசிக் காய்ந்ததாக நினைக்கிறீர்கள். இல்லை. வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை. கவர் ஒட்டுகிற வேலையும் இப்போது என்னிடம் வந்துவிட்டதால் மெழுகும் கம் ஸ்டிக்கும் ஒரே ஏப்ரன் பையில்தான் கிடக்கின்றன. ஒன்றில் சிவப்பு நூல் கட்டிவிட்டேன். இனிமேல் குழப்பமே இல்லை.

மேல்வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் இருந்தபோது சாயந்திரம் சாமான் அறைக்குள் புகுந்து, கதவுக்குப் போர்வை போட்டு ஊதினாலும், விளக்குமாற்றுக் கட்டையால் தரையை இடிப்பாளே, அவள்தான். நேற்றுச் சாயந்திரம் நான் விளக்குப் போடுகிற நேரம், மேலே இரண்டு இடி. நான் அண்ணாந்து பார்த்தேன். வீட்டில் யாரும் ஊதவில்லை. மாடிப்படியில் பார்த்தபோது கேட்டேன். "ஏதோ பழக்கதோஷம்" என்று சொல்லிவிட்டு, "எப்ப வராரு உங்க வீட்டுக்காரர்? ஒரே அமைதியா இருக்கு, எரிச்சலா வருது" என்றாள்.

டிரம்பெட் மாட்டுகிற ஆணி அப்படியேதான் இருக்கிறது. அதில் வேறெதையும் மாட்டவில்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் உதடு ஆறினால் இன்னும் தூரம் போவீர்கள். ஆறாவிட்டால் வீட்டுக்கு வருவீர்கள். மெழுகை டப்பாவில் வைத்துக் கட்டும்போது, இந்தக் கை எந்தப் பக்கம் என்று எனக்கே புரியவில்லை. இருந்தாலும் நல்ல மெழுகாகத்தான் பார்த்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உதட்டின் சொந்தக்காரி


டிசம்பர் 20
சர்க்கஸ் கூடாரம்

அன்புள்ள வாயாடிக்கு,

பிளவு மூடிவிட்டது. வாயில்லாப் பூச்சி மெழுகு வேலை செய்துவிட்டது. டாக்டரும் பார்த்துவிட்டார், எழுதிக் கொடுக்கிறேன்: போனேன்.

நேற்று அந்தச் சுரத்தைப் பிடித்தேன். கண்ணாடி மாதிரி நின்றது. அந்தரப் பெண் கையை விட்டாள், அந்தப் பக்கம் பிடித்தாள், கூடாரமே எழுந்து கை தட்டியது. விளக்கை என் மேல் திருப்பினார்கள். நான் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன், இருட்டுக் குழிக்குள் கிரீஸோடு நின்றவன். என் மேல் விளக்கு விழுவது எப்படி இருக்கும் என்று உன்னிடம் சொல்லத் தெரியவில்லை. கேட்டுச் சிரிக்காதே, தொப்பி கழற்றிக் குனிந்தேன்.

கைதட்டல் ஓய்ந்த பிறகு வழக்கம்போல மேலே பார்த்தேன். கூடாரத் துணிதான் இருந்தது. யாரும் இடிக்கவில்லை.

மேனேஜர் ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்துவிட்டார். இரண்டு வருஷம். நடுவில் லீவு கிடையாது. ஜனவரி முடிவதற்குள் கையெழுத்து. லிஃப்ட் முதலாளியும் எழுதியிருக்கிறார், வந்தால் வேலை இருக்கிறது என்று.

நான் ஒரு பக்கமும் சாயவில்லை. நீ சொல். நீ சொல்கிறபடி செய்கிறேன். போடு என்றால் போடுகிறேன், வேண்டாமென்றால் வருகிறேன்.

உன்
ஊதல்காரன்


ஜனவரி 3
மருந்துக்கடைப் பின்னறை

என் ஊதல்காரருக்கு,

தொப்பி கழற்றிக் குனிந்தீர்களா! எனக்கு முன்னால் ஒரு நாளாவது குனிந்ததுண்டா? மேடத்துக்கும் கடைக்கு வந்த இரண்டு பேருக்கும் அந்த இடத்தை மட்டும் படித்துக் காட்டினேன். ஒருவர் இருமல் மருந்தை மறந்துவிட்டுக் கை தட்டினார்.

கையெழுத்துப் போடுங்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு மனுஷன் மேல் விளக்கு விழுவது தினம் நடக்கிற காரியமா? இரண்டு வருஷம் என்பது ஒரு சிட்டிகை. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. வேளைக்குச் சாப்பாடு, படுத்தால் தூக்கம். மேல்வீட்டுக்காரிகூட நிம்மதியாக இருக்கிறாள், கட்டையைத் தூர எறிந்துவிட்டாள். ஆணியில் குடையை மாட்டிவிட்டேன், நன்றாகத் தாங்குகிறது. சாமான் அறையைச் சுத்தம் செய்து போர்வையைத் துவைத்து மடித்து வைத்துவிட்டேன். என் உதடும் ஆறிவிட்டது.

ஆகையால் என்னை நினைத்துத் தயங்க வேண்டாம். அங்கே போய் மெழுகு தீர்ந்தால் எழுதுங்கள். திறந்து ஒரு வருஷத்துக்கு மேலானதை, வாசனை மாறியதைத் தடவாதீர்கள், தூக்கிப் போடுங்கள். நாக்கை உள்ளேயே வைத்திருங்கள்.

இன்னும் எழுத நிறைய இருக்கிறது, ஆனால் மேடம் கூப்பிடுகிறார். கண்ணில் ஏதோ மருந்துப் பொடி வேறு விழுந்துவிட்டது. தபால்பெட்டி திறக்கிற நேரம். அவசரத்தில் ஒட்டிப் போடுகிறேன்.

இப்படிக்கு,
சந்தோஷமாக இருக்கும்
உங்கள் வாயாடி


ஜனவரி 16
சர்க்கஸ் கூடாரம்

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கவர் வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

முதலில் கவரைக் கவிழ்த்துத் தட்டினேன். பிறகு கிழித்துப் பரப்பி விளக்கில் பிடித்துப் பார்த்தேன். கோமாளி வாங்கிப் பார்த்துவிட்டு, "மேஜிக்கா?" என்று கேட்டார். மேலே உன் கையெழுத்து, பெட்டி பெட்டியாக. உள்ளே காற்று.

நீ ஓரத்தைக்கூட விடாமல் எழுதுகிறவள். இடம் போதாமல் கவரின் உள்பக்கத்தில் எழுதியவள். கடைக்கு வந்தவர் என்ன சட்டை போட்டிருந்தார் என்று எழுதுகிறவள். அப்படிப்பட்டவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், ஒரு வார்த்தை எழுத முடியவில்லை உன்னால். போ என்று எழுத மனம் வரவில்லை, வா என்று எழுத வாய் வரவில்லை. அப்படித்தானே?

அப்புறம்தான் கவரின் மடிப்பைத் தொட்டேன். வழவழ என்று இருந்தது. முகர்ந்து பார்த்தேன். வாசனை இல்லை. விரலில் எடுத்து என் உதட்டில் தடவிப் பார்த்தேன். தெரிந்துபோயிற்று. பசைக்குப் பதிலாக உதட்டை வைத்து ஒட்டியிருக்கிறாய்.

இத்தனை வருஷத்தில் நீ இப்படிச் செய்ததில்லை. படுக்கையில் உட்கார்ந்து அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டத்துக்கு மணி அடித்தது காதில் விழவில்லை, டிரம்காரர் வந்து இழுத்துப் போனார்.

மேனேஜரிடம் ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "ஏன்யா, உதடுதான் ஆறிடுச்சே?" என்றார். ஆறிடுச்சு, அதனாலதான் போறேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். விளக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த உயர்ந்த சுரத்தை நான் முதலில் பிடித்தது சாமான் அறையில், போர்வைக்கு இந்தப் பக்கம். நீ கதவுக்கு வெளியே நின்று "குக்கர் விசில்னு நினைச்சு அடுப்பை அணைச்சுட்டேன்" என்றாய். மேலே இடி விழுந்தது. அதைவிடப் பெரிய கைதட்டலை நான் இங்கே கேட்கவில்லை.

பிப்ரவரி முதல் தேதி, சாயந்திர ரயில். மேல்வீட்டுக்காரியிடம் கட்டையை எடுத்து வைக்கச் சொல். நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டும். இத்தனை நாளும் பேசாமல் விட்டதையெல்லாம் பேச வேண்டும். இந்தத் தடவை "ம்" சொல்லமாட்டேன்.

உன்
ஊதல்காரன்


பிப்ரவரி 1
ரயில் நிலையம், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து பெஞ்சு

என் ஊதல்காரருக்கு,

இது தபாலில் வராது. நீங்கள் இறங்கியதும் கையில் கொடுப்பேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இங்கேயே நின்று படியுங்கள். காரணம் கீழே வருகிறது.

முதலில் அந்தக் காலிக் கவர். அது முத்தமில்லை. கம் ஸ்டிக் என்று நினைத்து மடிப்பில் உதட்டு மெழுகைத் தடவிவிட்டேன். ஒட்டாமல் வாயைப் பிளந்துகொண்டு போயிருக்கிறது. பக்கங்கள் வழியில் எந்தத் தபால் மூட்டைக்குள் கிடக்கின்றனவோ, தெரியவில்லை. அவற்றில் கையெழுத்துப் போடுங்கள் என்று எழுதியிருந்தேன். கண்டெடுத்தவர் யாராவது சர்க்கஸில் போய்க் கையெழுத்துப் போடாமல் இருந்தால் சரி.

எழுதியதில் பாதி பொய். குடை பொய். தூக்கம் பொய். மேல்வீட்டுக்காரி கட்டையை எறிந்தாள் என்பதும் பொய், இன்று காலை அதைத் துடைத்து வாசலில் சாய்த்து வைத்திருக்கிறாள். போர்வையைத் துவைத்தது மட்டும் உண்மை. அதையும் மறுபடி கதவில் போட்டுவிட்டேன். உங்கள் கடிதம் வந்த அன்று மேடத்திடம் லீவு கேட்கப் போனேன், கேட்க வரவில்லை, அழுகைதான் வந்தது. "போஸ்ட்மேனுக்கு ஒரு மாலை வாங்கிப் போடணும்" என்றார்.

இவ்வளவையும் நேரில் சொல்லத்தான் இருந்தேன். மேடம் கொடுத்த புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு, தலை வாரி, நேரத்துக்கு முன்பே வந்துவிட்டேன். வண்டி சிக்னலுக்கு வெளியே நிற்பதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். உதடு காய்ந்ததுபோல் இருந்தது. நீங்கள் பார்க்கும்போது நன்றாக இருக்கட்டும் என்று பையில் கையைவிட்டு, சிவப்பு நூல் கட்டியதை எடுத்துத் தாராளமாக இரண்டு சுற்று தடவினேன்.

ஆகையால் நான் பேசாமல் நின்றால் கோபம் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் என்ன கேட்டாலும் இப்போதைக்கு "ம்" என்றுதான் வரும். வெந்நீர் வீட்டில்தான் இருக்கிறது. சிவப்பு நூல் கட்டியது பசை.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி